அப்பா வெட்டிய வாஷர்

யாராவது எதையாவது திறந்தால் உள்ளே தலையை விட்டுப் பார்க்கிற பிள்ளை நான். தபால் பெட்டியைத் திறந்தாலும் சரி, தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து அலுமாரியைத் திறந்தாலும் சரி, முன்வரிசையில் நிற்பேன். அதற்காக வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கில்லை. ஆகவே அம்மா குவைத்துக்குப் புறப்படுவதற்கு முந்திய நாள், எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் மாமா தன் காரின் மூடியைத் தூக்கியபோது, அவருக்கு முன்னால் என் தலைதான் உள்ளே போனது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாமா அம்மாவின் அண்ணன். கலவானைப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்காரர். கல்யாண வீடுகளுக்கு ஓடுகிற ஒரு பழைய மொரிஸ் மைனர் வைத்திருந்தார். அத்தை வேடிக்கையாக அதைத் தன் சக்களத்தி என்பாள். தங்கையை அந்தக் காரில்தான் அவிசாவளைச் சந்தி வரை கொண்டுபோய் விடுவேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். சந்திக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு ஏஜென்சி வேன் வரும். வெளிநாடு போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்விடும், யாருக்காகவும் காத்து நிற்காது. அத்திவாரத்தோடு நின்றுபோன எங்கள் வீட்டை எழுப்பத்தான் அம்மா போகிறாள். சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டவர் அப்பா.

கலவானையிலிருந்து வரும் வழியெல்லாம் கார் பெட்ரோலைச் சிந்திக்கொண்டே வந்திருந்தது. காபரேட்டர் ஊசி தேய்ந்துவிட்டது என்று தெரிந்தே மாமா புது ஊசியொன்றைக் கையோடு கொண்டுவந்திருந்தார். காபரேட்டர் என்றால் ஏதோ பெரிய சாமான் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் சின்னச் செம்பு அளவுதான் இருந்தது. அதற்குள் ஒரு பித்தளை மிதவை. பெட்ரோல் நிறைந்தால் மிதவை மேலே வந்து ஊசியைத் தள்ளும், ஊசி வழியை அடைக்கும். குறைந்தால் இறங்கி வழி விடும். இவ்வளவையும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதுவாகவே செய்கிறது என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. பழைய ஊசியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முனையைச் சுற்றி மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது.

"இத யாரு மாமா தேச்சது?"

"யாரும் தேய்க்கல புள்ள. அம்பது வருசமா ஏறி எறங்கி அதுவா தேஞ்சிருச்சு."

ஊசியை மாற்றியாயிற்று. ஆனால் எல்லாவற்றையும் கழற்றியதில் வேறொரு வினை வந்தது. அடியில், என்ஜினுக்குப் பெட்ரோல் போகிற வழியில், ஒரு தக்கை வாஷர் இருந்தது. மாமா விரல் பட்டதும் அது பொடிப்பொடியாக உதிர்ந்தது. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. எங்கள் டவுனான தெஹியோவிட்டவில் சாமான் கடை எதுவும் திறந்திருக்காது. மாமாவின் முகம் செத்துப்போனது.

அதுவரை வாய் திறக்காமல் விறகு பிளந்துகொண்டிருந்த அப்பா கத்தியைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு வெட்டித் தர்றேன் மச்சான். ரப்பர் இருக்கு."

"ரப்பர் பெட்ரோலுக்குத் தாங்குமா?"

"எல்லாம் தாங்கும்."

அப்பா ரப்பர் பெக்டரியில் ஷீட் உருட்டுகிறவர். தேயிலைக்காரரான மாமா ரப்பர் விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேச முடியுமா? சுவரில் ஆணி அடித்தால் தன் விரலையும் சேர்த்து அடிக்கிற அப்பா, அன்று பிளேடால் நூல் பிசகாமல் ஒரு வட்டம் வெட்டினார். நடுவில் துளையும் போட்டார். மாட்டிப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அம்மா சந்தோஷத்தில் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றினாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். அம்மா முன்னால், நானும் அப்பாவும் பின்னால். டவுனைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது கார் இருமியது, குலுங்கியது, நின்றேவிட்டது. மாமா இறங்கி மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினார்.

"என்னா இது, பணியாரம் மாதிரி ஊதிக் கெடக்கு!"

வாஷர் இரண்டு மடங்கு பருத்து, துளையே தெரியாமல் வழியை அடைத்திருந்தது. வழக்கம்போலத் தலையை விட்டேன். பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. ஏனென்றால் இது எனக்குப் பழக்கமான சங்கதி. எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு ஜாம் போத்தலில் அப்பா ரப்பர் துண்டுகளைப் பெட்ரோலில் ஊறப் போட்டு வைப்பார். குச்சியால் கிண்டுவது என் வேலை.

"மாமா, எனக்குத் தெரியும்! சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட அப்பா பசை செய்வாருல்ல, அதே மாதிரிதான். பெட்ரோல்ல போட்டா ஒரு ராத்திரியில ஊதிரும். அப்பாவைக் கேளுங்க, அவருக்கு நல்லாத் தெரியும்!"

யாரும் அப்பாவைக் கேட்கவில்லை. மாமா கையைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா ரோட்டோர ரப்பர் மரங்களை, இதற்கு முன் ரப்பர் மரத்தையே கண்டிராதவர் போலப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா இறங்கி வந்து அந்த வாஷரை எடுத்து உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தாள்.

"போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க" என்றாள்.

அதில் கோபமே இல்லை. தெரணியகலையிலிருந்து வந்த அவிசாவளை பஸ்ஸை மாமா கைகாட்டி நிறுத்தினார். கண்டக்டர் "நகின்ட, நகின்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்த, அம்மா என் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறினாள். மாமா பையைத் தூக்கிக் கொடுத்தார். பஸ் போய்விட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கோளாறைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்ற பெருமையும் கூடவே இருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மா நேரத்துக்குச் சந்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். திரும்பி வர நாலு வருஷம் ஆனது.

மாமாவைக் காரோடு விட்டுவிட்டு நானும் அப்பாவும் நடந்தே திரும்பினோம்.

"மறந்துட்டீங்களாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா புள்ள. மறந்துட்டேன்."

"பரவால்ல. அடுத்த தடவ தக்கையில வெட்டுங்க."

அப்பா தலையை ஆட்டினார். அவர் மறந்துவிட்டார் என்பதை நான் முழுசாக நம்பினேன். எனக்குப் புரியாமல் இருந்தது வேறொன்றுதான். பஸ் வந்து சேர ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும். பஸ் மேட்டுக்குக் கீழிருந்துதான் வரும் என்று தெரிந்தும், அம்மா அந்தப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பாமல், எதற்காக அவ்வளவு நேரமும் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்?