கண்ணாடிக்காரர் வண்டியில் ஒரு கரகர

கண்ணாடிக்காரரை அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில், கையை விரித்தால் இரண்டு சுவரையும் தொட்டுவிடலாம் என்கிற அகலத்தில் அவர் கடை. உள்ளே ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்து அட்டை, அதன் மேல் ஒரு விளக்கு. வந்தவரை உட்கார வைத்து, மூக்கின்மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு, "இது தெளிவா இருக்கா?" என்பார். அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டு, "இல்ல, இதுவா?" என்பார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். "ஒரே மாதிரி இருக்க முடியாதுங்க. நல்லா பாத்துச் சொல்லுங்க." தன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்றுகூடவா ஒரு மனிதனுக்குத் தெரியாது என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

வெளியூர் போகும் பெரிய சாலை அவர் தெரு முனையில் தொடங்கியது. நெடும்பயணம் போகிறவர்கள் பெட்டி கட்டிய பைக்குகளைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு, உடைந்த மூக்குப்பிடியை மாற்றிக்கொள்ள வருவார்கள். தூசி படிந்த பூட்ஸோடு நின்றபடியே, தாண்டி வந்த கணவாயைப் பற்றியும், மழையில் ஒதுங்கிய பெட்ரோல் பங்க்கைப் பற்றியும் பேசுவார்கள். அவர் தலையைத் தூக்காமல் குட்டித் திருகைத் திருகிக்கொண்டே கேட்பார். அவர்கள் போன பிறகு வாசலுக்கு வந்து, வண்டி நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தலை நரைக்கிற வரைக்கும் இதுவே நடந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அந்தக் கதைகளை மனைவியிடம் ஒப்பிப்பார். அவள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். நாள் முழுக்க நின்ற காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு 'ம்' கொட்டுவாள்.

மகள் கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு ஒருநாள் மனைவியே சொன்னாள். "ஊரான் வண்டியைப் பத்தியே எத்தனை நாள் பேசுவீங்க? ஒண்ணு வாங்கித் தொலைங்க. எனக்குக் காது புளிச்சுப் போச்சு."

அவருக்கு நம்ப முடியவில்லை. "நீ பின்னாடி உக்காந்து வருவியா?"

"வராம? நீங்க மட்டும் மலையைப் பாப்பீங்க, நான் இங்க சுவத்தைப் பாக்கணுமா?"

வண்டி வந்தது. கருநீல நிறம், இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் காற்றைத் தடுக்கும் உயரமான கண்ணாடி. ஷோரூமில் சாவியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெளியே வந்து முதல் திருப்பத்தில் இடது பக்கம் திரும்பினார். ஹாரன் அலறியது. அவர் பட்டனைத் தொடவே இல்லை. நேராக்கினார், நின்றுவிட்டது. மறுபடி இடது, மறுபடி அலறல். சாலையோரம் நடந்துபோன ஒருவர் துள்ளி விலகி, "யோவ், வழி விட்டுத்தானே போறேன்!" என்று திட்டினார். வீடு வரும்வரை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

அதை ஒர்க்ஷாப்பில் உடனே சரி செய்துவிட்டார்கள். ஏதோ ஒயர் இழுபட்டு உரசியதாம். ஆனால் அந்த நாளோடு வண்டி மேல் அவருக்கிருந்த நம்பிக்கையில் ஒரு கீறல் விழுந்தது. ஏறி உட்கார்ந்தால் கண் சாலையைப் பார்க்கும், காது வண்டிக்குள் போய்விடும்.

முதல் வெளியூர்ப் பயணத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது. மனைவி பின்னால் இருந்தாள். மேடு ஏறி இறங்கும்போது எங்கிருந்தோ 'கர்ர்ர்' என்றது. ஒரு விநாடிதான், நின்றுவிட்டது. அடுத்த பள்ளத்தில் மறுபடி 'கர்ர்ர்'.

"கேட்டுச்சா?" என்றார்.

"என்னது?"

"ஒரு கரகர சத்தம்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்றாள். "வார்டுல மெஷின் நாள் பூரா கத்திக் கத்தி என் காது மரத்துப் போச்சுங்க. என்கிட்ட கேக்காதீங்க."

மறுவாரம் ஒர்க்ஷாப்புக்குப் போனார். அங்கே ஃபோர்மேன் பருத்த உடம்பும் அமைதியான முகமும் கொண்டவர். எதைச் சொன்னாலும் "இது நார்மல் சார்" என்பார். எஞ்சின் சுடுகிறதா, நார்மல். மீட்டருக்குள் பனி மூட்டமா, நார்மல். கண்ணாடிக்காரர் மனசுக்குள் அவருக்கு நார்மல் என்றே பெயர் வைத்துவிட்டார். நார்மல் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல சார். வெண்ணெய் மாதிரி போகுது."

"மேட்டுல ஏறி இறங்கினீங்களா?"

"ரெண்டு மேடு ஏறினேன் சார்."

கண்ணாடிக்காரர் தானே ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. இறங்கும்போது நார்மலின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு ஏரிப் பக்கம் போனார். 'கர்ர்ர்.' திங்கட்கிழமை கடைக்குத் தனியாகப் போனார், சத்தமில்லை. நகரத்துக்குள் வேகம் குறைவு, அதனால் இருக்கும் என்று முடிவு கட்டினார். அடுத்த நாள் விடிந்ததும் பெரிய சாலையில் தனியாக விரட்டிப் பார்த்தார். அப்போதும் இல்லை. காலைக் குளிரில் வராது போலிருக்கிறது, வெயில் ஏறினால்தான் வரும் என்று முடிவை மாற்றினார். பிறகு ஒரு நாள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம். இரண்டு பெட்டிகளிலும் கருவிகளையும் கண்ணாடிச் சட்டங்களையும் திணித்துக்கொண்டு தனியாகப் போனார். பாதி வழியில் 'கர்ர்ர்'. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. திருடன் பெட்டிதான்! அன்றைக்கே பெட்டிகளைக் கழற்றி வீட்டில் வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியில்லாமல் மனைவியோடு கிளம்பினார். தெரு முனை வேகத்தடையிலேயே 'கர்ர்ர்' என்றது.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பெட்ரோல் பங்க்கை மாற்றினார். பூட்ஸ் உரசுகிறதோ என்று செருப்பு போட்டு ஓட்டினார். ஹெல்மெட் வார் காற்றில் அடிக்கிறதோ என்று அதைத் தாடைக்குக் கீழே பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். மச்சினன் போனில், "மாமா, செயின்தான், சந்தேகமே வேணாம்" என்றான். இரண்டு நாள் கழித்து அவனே கூப்பிட்டு, "செயின் இல்ல மாமா, எஞ்சினுக்குள்ள ஏதோ, கட்டாயம் எஞ்சின்தான்" என்றான்.

ஒர்க்ஷாப்பில் நார்மல் பொறுமையாகத்தான் இருந்தார். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினை முடுக்கிவிட்டு, "இப்ப இருக்கா சார்?" என்றார். வேகத்தைக் கூட்டி, "இப்ப?" என்றார். ஒரு நட்டை இறுக்கிவிட்டு, "முன்ன விட இப்ப குறைஞ்சிருக்கா?"

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஏதோ கேட்பது போலவும் இருந்தது, கேட்காதது போலவும் இருந்தது. "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார்.

"நல்லா கேட்டுச் சொல்லுங்க சார்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று கடையில் ஒரு பெரியம்மா எழுத்து அட்டையைப் பார்த்துத் தயங்கித் தயங்கி உளறியபோது, "பரவாயில்லம்மா, மெதுவா" என்றார். பக்கத்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தார்.

வீட்டில் பேச்சு முழுக்க அந்தச் சத்தமாகவே இருந்தது. சாப்பிடும்போது தட்டில் கரண்டி பட்டாலும் தலையைச் சாய்ப்பார். மனைவி ஒருநாள் மெதுவாக ஆரம்பித்தாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. காதை ஒரு தடவை காட்டிட்டு வாங்களேன்."

"எனக்குக் காது கேக்கலைங்கறியா?"

"கேக்கலைன்னு சொல்லல. இல்லாததும் கேக்குதோ என்னமோ."

அவர் மறுபேச்சுப் பேசாமல் போனார். காது டாக்டர் அவருடைய வாடிக்கையாளர்தான். கண்ணாடித் தடுப்பு போட்ட சிறிய அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அந்த நிசப்தத்தில் தன் மூச்சே இரைச்சலாகக் கேட்டது. மிக மெல்லிய கீச்சு ஒன்று கேட்ட மாதிரி இருந்தது, அமுக்கினார். கேட்டதா, நினைத்துக்கொண்டோமா? அதற்கும் ஒரு தடவை அமுக்கினார்.

"காது அருமையா இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா ஒண்ணு. நாங்க சத்தமே குடுக்காதபோதும் நீங்க நிறைய தடவை அமுக்கியிருக்கீங்க."

வெளியே வந்து வண்டியின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். காதில் கோளாறு இல்லை. வண்டியிலும் கோளாறு இல்லையாம். அப்படியானால் மிச்சம் இருப்பது தான்தான். இத்தனை வருஷம் ஊரார் கண்ணைச் சோதித்தவனுக்கு வயதான காலத்தில் புத்தி பிசகிவிட்டதா? வண்டியை விற்றுவிடலாம் என்று முதல் முறையாகத் தோன்றியது.

விற்பதற்கு முன் ஒரே ஒரு தடவை என்று ஒர்க்ஷாப்புக்குப் போனார். அவர் முகத்தைப் பார்த்து நார்மலுக்கு என்ன தோன்றியதோ, "சார், இன்னைக்கு நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்காந்து வரேன்" என்றார். அந்தப் பெரிய உடம்பு ஏறியதும் வண்டியின் பின்பக்கம் பொத்தென்று தாழ்ந்தது. ஒர்க்ஷாப் வாசல் சாய்தளத்தில் இறங்கியதுமே 'கர்ர்ர்ர்ர்!'

கண்ணாடிக்காரர் பிரேக் போட்டார். மூச்சு விடாமல், "கேட்டுச்சா?" என்றார்.

பின்னால் இருந்தவர் இறங்கி, சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "சார், இது நார்மல் இல்ல" என்றார் ஃபோர்மேன்.

அந்த நான்கு வார்த்தைகளுக்காக அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். மட்கார்டின் உள்பக்கம் ஒரு சிறிய இரும்புப் பட்டை, தயாரிக்கும்போதே தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. பின் இருக்கையிலோ பெட்டியிலோ பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் அதன் முனை டயரின் ஓரத்தைப் பிறாண்டும். வெளியே தெரியாத இடத்தில், டயரைச் சுற்றிலும் விரல் நகம் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது.

"நாங்களும் முன்னாடியே கழட்டிப் பாத்திருக்கணும் சார், தப்புதான்" என்றார் ஃபோர்மேன். "இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தா ஓடுறப்பவே டயர் வெடிச்சிருக்கும்." பள்ளத்தைத் தடவிக்கொண்டே கேட்டார். "ஆள் உக்காந்தா எவ்வளவு சத்தம் வருது! வீட்டுல அம்மா வருவாங்களே, அவங்க ஒண்ணும் சொல்லலியா?"

வண்டியை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அந்தக் கேள்வி கூடவே வந்தது.

மனைவி அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். டயர் வெடித்திருக்கும் என்ற இடத்தில் அவள் கை நின்றது.

"உனக்குக் கேட்டுச்சா இல்லையா?"

அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "முதல் நாளே கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்..."

"நீங்க தனியா போய்ட்டு வந்து 'இன்னைக்கு இல்ல'ன்னு சொல்வீங்க. என்னைக் கூட்டிட்டுப் போனா 'வந்துடுச்சு'ம்பீங்க. உங்களுக்குத்தான் புரியல. எனக்கு அப்பவே புரிஞ்சுடுச்சு." அவள் குரல் தழைந்தது. "நான் ஏறினாத்தான் வருது. அதை நீங்க அந்த ஒர்க்ஷாப்ல போய்ச் சொன்னா, நாலு பேர் என் உடம்பைப் பாத்துச் சிரிப்பாங்க. இல்லாட்டி நீங்க என்னை விட்டுட்டுத் தனியா கிளம்பிடுவீங்க. எத்தனை வருஷம் கழிச்சு ஒண்ணா ஊர் சுத்துறோம்."

"அதுக்குக் காதைக் காட்டச் சொன்னியே!"

"நீங்க விடாம என் மூஞ்சியையே பாத்துக் கேட்டீங்க. எனக்கு வேற வழி தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "டயரைத் தேய்க்கும்னு எனக்கென்னங்க தெரியும்?"

கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் கோபம் வந்த வழியிலேயே எங்கோ தொலைந்துவிட்டது. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதென்று நம்ப வைத்தவள் இவள். தன்னோடு வருவதற்காக உயிரோடு விளையாடியவளும் இவள்தான். இரண்டையும் ஒரே முகத்தில் பார்க்க முடியவில்லை. "டீ போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அதற்காகவும் தன்மேலேயே எரிச்சல்பட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

பட்டையை மாற்றி, புது டயர் போட்டு வண்டி வந்தது. அடுத்த விடுமுறையில் மகள் ஊருக்குக் கிளம்பினார்கள். மேடு வந்தது, பள்ளம் வந்தது. கரகர இல்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எதற்காகக் காது இன்னும் இப்படி நீண்டு கிடக்கிறது என்று அவருக்கே விளங்கவில்லை.

மரங்கள் அடர்ந்த ஒரு வளைவில் மனைவி தோளைத் தட்டினாள். "நிறுத்துங்க, நிறுத்துங்க. இடது பக்கம் கீழ, டிக் டிக்னு ஏதோ கேக்குது."

ஓரங்கட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

"சத்தியமாக் கேக்குதுங்க."

இப்போது உண்மையாகவே கேட்டுச் சொல்கிறாளா? அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்குச் சேர்த்து இன்றைக்குச் சொல்கிறாளா? அவள் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு பேரும் வண்டிக்கு ஆளுக்கொரு பக்கம் குத்த வைத்து உட்கார்ந்து, காதை எஞ்சின் பக்கம் சாய்த்தார்கள்.

பின்னால் வந்த லாரி ஒன்று வேகம் குறைத்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "என்னாச்சு, வண்டியில ஏதாவது கோளாறா?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க" என்றார் அவர்.

"சத்தம் வருதுங்க" என்றாள் அவள்.

டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் லாரி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி வந்தார்.