கொழும்பிலிருந்து ஓடிய பாட்டு

மாத்தளை டவுனில் எனக்கு ஒரு துணிக்கடை. முன்பெல்லாம் என் போனிலிருந்துதான் கடைக்குப் பாட்டுப் போகும். கல்லாவில் இருக்கும் மனைவி வேண்டியபோது கூட்டுவாள், குறைப்பாள். அது போதாதென்று கொழும்புக் கம்பெனி ஒன்றின் பேச்சில் மயங்கினேன். மெதுவான பாட்டென்றால் ஆட்கள் நின்று நிதானமாகத் துணி பார்ப்பார்களாம். பெருநாள் நெரிசலில் வேகப் பாட்டுப் போட்டால் எடுத்ததோடு நகர்ந்துவிடுவார்களாம். எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்பதைக் கொழும்பிலிருந்தே இன்டர்நெட்டில் அனுப்புவார்கள். சுவரில் இரும்புக் கூட்டுக்குள் பூட்டிய மெஷின், கூரையில் ஸ்பீக்கர்கள், கரண்ட் போனாலும் ஓட ஒரு பேட்டரி.

"கடையில யாரும் கை வைக்க ஏலாது முதலாளி" என்று பொருத்த வந்தவர் பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் பக்கத்து ஊரான அலுவிகாரைப் பக்கமிருந்து சவ ஊர்வலம் வந்தது. சிங்கள வீட்டுச் சாவு. முன்னால் பிக்குமார், பின்னால் வெள்ளை உடுத்த பெருஞ்சனம். யாருடைய சவமானாலும் பாட்டை நிறுத்தி, ஷட்டரைப் பாதி இறக்கி, வாசலில் எழுந்து நிற்பது எங்கள் தெருவின் வழக்கம். பாதி ஷட்டர் மரியாதைக்கு. முழு ஷட்டர் போடுவது கலவரத்துக்குத்தான்.

பாட்டு நிற்கவில்லை. கல்யாண வீட்டில் ஆடுகிற பாட்டு வேறு. ஒயரைப் பிடுங்கினேன், பேட்டரியில் ஓடியது. கொழும்புக்குப் போன் எடுத்தேன். காத்திருக்கச் சொல்லி அங்கேயும் ஒரு பாட்டுப் போட்டார்கள்.

பக்கத்து மாவட்டத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்களின் கடைகள் கலவரத்தில் எரிந்ததை வீடியோவில் பார்த்தவன் நான். சவம் போகும்போது முஸ்லிம் கடையில் ஆட்டம் என்று ஒருவன் படம் பிடித்துப் போட்டால் முடிந்தது கதை.

"அல்லாஹ்வே, சத்தம் வெளிய போகுது! ஷட்டர போடுங்க!" என்று மனைவி கத்தினாள்.

முழுவதுமாக இழுத்து இறக்கினேன்.

இருட்டில் நாங்கள் இருவரும், அந்தப் பாட்டும். வெளியே பக்கத்துக் கடை ஷட்டர் தடாலென்று விழுந்தது. பிறகு எதிர்க்கடை. பிறகு வரிசையாகத் தெரு முழுக்க. யாரோ ஓடும் சத்தம் கேட்டது. அடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். மனைவியை இழுத்துக் கல்லாவுக்குப் பின்னால் உட்காரவைத்தேன்.

அண்ணன் முறையில் என்னை 'நானா' என்று கூப்பிடும் பக்கத்து ஹார்ட்வேர் கடைக்காரர் போனில் கூப்பிட்டார். "நானா, எங்க அடிக்கிறாங்க? நீங்க போட்டதப் பாத்துத்தான் நாங்களும் போட்டோம். புள்ளைகள கூட்டிவர ஸ்கூலுக்கு ஆள் அனுப்பிட்டேன்."

யாரும் எங்கேயும் யாரையும் அடிக்கவில்லை. தெருவையே மூட வைத்தது என் ஷட்டர்தான். அந்தப் பயத்திலும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

ஷட்டரைப் பாதிக்குத் தூக்கி, குனிந்து வெளியே வந்தேன். பின்னால் வந்த சனத்தைக் காணவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் பக்கத்து ஒழுங்கைச் சந்துக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் மட்டும் நடுரோட்டில் நின்றார்கள்.

செத்தவரின் படத்தை நெஞ்சோடு அணைத்தபடி ஓர் இளைஞன் என்னிடம் வந்தான். எனக்குப் பின்னால் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. முகம் வெளிறிப்போய், சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான்.

"முதலாளி, எங்க அப்பாவ இந்த வழியால கொண்டு போக விடுவீங்களா?"