மேஜை மறுக்கப்பட்ட வித்யாலக்ஷ்மி

கல்கத்தா காளிகாட்டில் பிறந்து, காளிகாட்டிலேயே படித்து, காளிகாட் மெட்ரோவில் தொங்கிக்கொண்டே போய் வங்கி உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணியிடம், "அடடா, வங்காளம் எவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்கள்!" என்று ஒருவர் சொன்னால் அவரை என்ன செய்யலாம்? பழைய தண்டனைச் சட்டத்தில் இதற்குப் பிரிவு இல்லை. புதிய சட்டத்திலும் இல்லை. நாடு எப்படி உருப்படும்?

குற்றம் நடந்த இடம் போர்ச்சுகல்.

"பேச்சுத்துணைக்கு ஆள் இல்லேன்னு நாள்பூரா என்னையே ஃபோன்ல பிடிச்சுக்காதேம்மா. போய் நாலு பேரை சிநேகம் பண்ணிண்டு வா" என்று மகள் ஹம்சினிதான் வித்யாலக்ஷ்மியை அங்கே நடந்த ஒரு மொழிப் பரிமாற்ற முகாமுக்கு அனுப்பிவைத்தாள். பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் ஒரு மாதம் எல்லோரும் சேர்ந்து தங்க வேண்டும். தன் மொழியைக் கொடுத்து அடுத்தவர் மொழியை வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக் கூடத்தில் மொழிக்கொரு மேஜை போட்டிருந்தார்கள். பேச்சு, சிரிப்பு, சிநேகம் எல்லாம் அந்த மேஜைகளில்தான் விளைந்தன. மேஜை இல்லாதவர் சுவருக்குச் சமம்.

வித்யாலக்ஷ்மி நேராக வங்காள மேஜைக்குப் போனாள். அங்கே ஏற்கெனவே அனிமேஷ் தத்தா வீற்றிருந்தார். அதே கல்கத்தாவில், கரியாஹாட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மேலே சொன்ன குற்றத்தை இழைத்தவர் இவரே.

"மதராஸிக்கு இவ்வளவு சுத்தமான வங்காளமா! எங்கே கத்துக்கிட்டீங்க?"

"பொறந்த ஆஸ்பத்திரியில."

"ஹஹ்ஹா! சரி, வீட்டுல என்ன பேசுவீங்க?"

"தமிழ்."

"அப்படிச் சொல்லுங்க. தமிழ் மேஜை அதோ, அந்தப் பக்கம்" என்று மிகுந்த மரியாதையோடு கையைக் காட்டினார்.

தமிழ் மேஜையில், தமிழ் கற்க வந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் நடுவே கோயம்புத்தூர்க்காரப் பையன் தமிழரசன் இருந்தான். அவன் அவள் பேச்சைத் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. வாயத் தொறந்தா பாதி தமிழு, பாதி என்னமோ வருதுங்க. எத்தனை வருசமா கல்கத்தாவுல இருக்கறீங்க?"

"மூணு தலைமுறையா."

"அப்ப நீங்க பெங்காலிதானுங்க! இந்தப் புள்ளைங்களுக்கு நல்ல தமிழாச் சொல்லிக் குடுக்கோணும். வந்து குழப்பிப் போட்றாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வங்காளி அவளைத் தமிழச்சி என்றார். தமிழன் வங்காளி என்றான். நடுக்கூடத்தில் தட்டும் கையுமாக நின்றவளுக்குக் காது மடல் கொதித்தது. முகாமை நடத்தும் தெரேசாவிடம் நியாயம் கேட்டாள். தெரேசா தங்கமான பெண். "வருத்தப்படாதீர்கள். பாத்திரம் கழுவும் குழுவில் சேர்ந்துகொள்ளுங்கள், அங்கே நல்ல நண்பர்கள் கிடைப்பார்கள்" என்றாள். அந்தக் குழுவில் வித்யாலக்ஷ்மியைத் தவிர இருந்தது ஒரு பாத்திரம் கழுவும் இயந்திரம். அது போர்ச்சுகீஸில் மட்டும் முனகியது.

"யாராவது சிநேகமானாளா?" என்று ஹம்சினி ஃபோனில் கேட்டாள்.

"ஆச்சு. அதைத் துடைச்சு வைக்கணும், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

இப்படிப் பாதி மாதம் போயிற்று. ஒரு சாயங்காலம் நல்ல காற்று வீசியது. வெளியே குழந்தைகள் கையில்லாச் சட்டையோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தமிழரசன் எழுந்து சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல்களை வரிசையாகத் திறந்துவிட்டான்.

கூடத்தின் இரண்டு மூலைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் அலறல் கிளம்பியது.

"ஜானலா பொந்தோ கொரோ!" ஜன்னலைச் சாத்து என்று வங்காள மேஜை கதறியது.

"டாண்டா லேகே ஜாபே!" சளி பிடித்துக்கொள்ளும் என்று அடுக்களை வாசல் கதறியது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேஜையடியில் இருந்த பையிலிருந்து லேசாகக் காற்றடித்தாலே வங்காளிகள் மாட்டிக்கொள்ளும் மங்கி கேப் என்ற பழுப்பு நிறக் கம்பளிக் குல்லாவை உருவி, அனிமேஷ் தத்தா காதுவரை இழுத்துக்கொண்டிருந்தார். அடுக்களை வாசலில், சோப்பு நுரை சொட்டும் கையால் கைப்பையைத் துழாவி, வித்யாலக்ஷ்மி தன்னுடையதை மாட்டிக்கொண்டிருந்தாள். முகாம் முழுவதிலும் கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த முகங்கள் அவை இரண்டுதான். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

அனிமேஷ்தான் முதலில், அக்கா முறை வைத்து, வாயைத் திறந்தார். "திதி, அது எங்கே வாங்கினது?"

"கரியாஹாட் மார்க்கெட் வாசல்ல. உங்களோடது?"

"அங்கேயேதான், பாலத்துக்கு அடியில."

"ஏமாந்துட்டேள். அவன் விக்கறது கம்பளியே இல்லை."

"என்ன சொல்றீங்க! பதினைஞ்சு வருஷமா அவன்கிட்டதான் வாங்கறேன்!"

"பதினைஞ்சு வருஷமா ஏமாந்துண்டிருக்கேள்."

சண்டை பிடித்துக்கொண்டது. தொப்பியில் ஆரம்பித்து, பஸ், மிஷ்டி விற்கும் இனிப்புக் கடை, கால்பந்து என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. வங்காளம் கற்க வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். தெரேசா சத்தமில்லாமல் ஒரு நாற்காலியை வங்காள மேஜைக்கு நகர்த்தினாள். வித்யாலக்ஷ்மி பேச்சை நிறுத்தாமலே அதில் உட்கார்ந்தாள். மறுநாள் முதல் போலந்துப் பெண்ணும் ஜப்பானியத் தாத்தாவும் "டாண்டா லேகே ஜாபே!" என்றே அவளுக்குக் காலை வணக்கம் சொன்னார்கள். மிச்ச நாள்களில் ஹம்சினிக்கு ஃபோன் போடவே அவளுக்கு ஒழியவில்லை.

ஊர் திரும்பியபின், துர்கா பூஜைக்கு அனிமேஷ் அவளைக் கரியாஹாட் வீட்டுக்கு அழைத்தார். வாசலிலேயே நிறுத்தி மனைவியிடம் பெருமை பொங்க அறிமுகம் செய்தார்.

"இவங்கதான் வித்யா திதி. மதராஸி. ஆனா வங்காளம் எவ்வளவு நல்லாப் பேசறாங்க பாரு!"

காளிகாட்டில் பிறந்தவளுக்குக் காது மடல் மறுபடி கொதித்தது. நிதானமாகச் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய் உட்கார்ந்தாள். நீட்டிய தட்டிலிருந்து ஒரு சந்தேஷ் இனிப்பை எடுத்துக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்தாள்.

"உங்காத்துக்காரரும் பரவாயில்லை. தப்பில்லாமத்தான் பேசறார். எங்கே கத்துண்டார்?"

"நான் இந்தத் தெருவுல பொறந்தவன்!" என்று அனிமேஷ் கொதித்தார்.

"அப்படியா?" என்றாள் வித்யாலக்ஷ்மி. "கேட்டா தெரியவே இல்லை."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த சந்தேஷ்கள் உருண்டன.