பன்னிரண்டு மணிக்கு மாறிய சேனல்

"போட் பாலத்துக்குக் கீழயே நின்னுச்சாமே. அப்புறம் ஏன் எங்க அத்தை கூப்பிடல?"

வெள்ளம் வடிந்து பள்ளி திறந்த வாரத்தில், வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண் இப்படிக் கேட்டாள். அவளுடைய அப்பா அந்த வெள்ளத்தில் போய்விட்டார். நான் பென்சில் சீவுவதுபோல் குனிந்துகொண்டேன். பள்ளிப் படிப்பை முடித்த இந்த வருடம்தான் அவளுடைய அத்தையிடமே போய் முழுக் கதையையும் கேட்டேன்.

அத்தைக்கு நகராட்சியில் வயர்லெஸ் வேலை. இரண்டாவது மாடியில், பழைய கோப்புகள் கூரை வரை அடுக்கிய அறை. இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி. அதன் ஒரு கால் குட்டை, அட்டையை மடித்து முட்டுக் கொடுத்திருந்தாள். நாள் முழுக்க ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் "ஓவர்" சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதுவே வாயில் வந்துவிடும். "துணியை எடுத்தாச்சா, ஓவர்" என்பாள். அதனால் ஓவரக்கா என்று பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவன் அவளுடைய ஒரே தம்பி, என் தோழியின் அப்பா.

அவன் ஆற்றோரப் பம்ப் ஹவுஸில் மோட்டார் ஓட்டுகிறவன். அங்கேயும் ஒரு வயர்லெஸ் உண்டு. ஆனால் ஓவர் மட்டும் சொல்லமாட்டான். எத்தனை தடவை சொல்வது என்று அக்கா திட்டினால், "நீயும் நானும் பேசறதுக்கு எதுக்குக்கா முடிவு?" என்பான்.

அந்த மழையின் மூன்றாம் நாள் சாயங்காலம் ராணுவம் படகுகளோடு வந்தது. செல்போன் எதுவும் வேலை செய்யவில்லை. ராணுவத்தின் வயர்லெஸும் நகராட்சியின் வயர்லெஸும் ஒன்றோடொன்று பேசாதவை. அதனால் ராணுவத்துச் சிக்னல்காரர் ஒருவர் மாடியேறி வந்து, தங்கள் வயர்லெஸ் செட்டில் ஒன்றை ஓவரக்காவின் மேசையில் வைத்தார். "இதுல நீங்க கூப்பிட்டா எங்க போட்ல கேட்கும்" என்று சொல்லிவிட்டுப் படகுக்கே போய்விட்டார். இடது கையில் நகராட்சி மைக், வலது கையில் ராணுவ செட். இங்கே கேட்டதை அங்கே சொல்ல வேண்டியது. நாலாம் நாள் காலையில் மட்டும் பதினொரு வீட்டு ஆட்களை இப்படி மீட்டார்கள். பதினொன்றே முக்காலுக்குச் சிக்னல்காரர் பேசினார். பாலத்துக்குக் கீழே நிற்கிறோம், அடுத்த இடம் சொல்லுங்கள் என்றார்.

பன்னிரண்டு ஐந்துக்குத் தம்பி கூப்பிட்டான். ஆஸ்பத்திரித் தெருவில் தண்ணீர் ஏறாமல் இருக்க அதுவரை மோட்டாரை ஓட்டியிருக்கிறான். இப்போது மோட்டார் மூழ்கிவிட்டது. ஆற்றுப் பக்கச் சுவரில் விரிசல்.

"அக்கா, பெரிய பைப் இன்னும் தண்ணிக்கு மேலதான் இருக்கு. அது மேல நடந்தே பாலத்துக்குப் போயிடவா?"

பைப் பாசி பிடித்து வழுக்கும் என்பது அவளுக்குத் தெரியும். படகோ கூப்பிடு தூரத்தில் நிற்கிறது.

"வேணாம்டா. போட் அங்கதான் நிக்குது, அனுப்பறேன். அங்கேயே இரு."

வலது கை செட்டை அழுத்திச் சொன்னாள். பதில் இல்லை. யாரையோ ஏற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தாள். மறுபடி சொன்னாள். அப்போதும் சத்தமே இல்லை. கூப்பிட்ட நேரத்தையெல்லாம் வழக்கம்போல நோட்டில் எழுதினாள். பன்னிரண்டரைக்குள் பதினேழு வரி. அலுவலக டிரைவரை ராணுவ முகாமுக்கு ஓடச் சொன்னாள். இடுப்பளவு தண்ணீரில் எங்கே ஓடுவது? அவர் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது.

பன்னிரண்டே முக்காலுக்குத் தம்பியின் குரல் வந்தது. பைப் மூழ்கிவிட்டது என்றான். "இங்கேயேதான் இருக்கேன்கா. ஓவர்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஓவர் சொன்னான். அதற்குப் பிறகு அந்தச் செட் பேசவில்லை. ஒன்றே முக்காலுக்குப் படகு போனபோது பம்ப் ஹவுஸில் மூன்று சுவர்தான் நின்றது.

படகில் இருந்தவர்கள் துக்க வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னார்கள். பன்னிரண்டு மணியிலிருந்து பாலத்தடியில் சும்மாதான் நின்றோம், எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றார்கள். பதினேழு தடவை கூப்பிட்டேன் என்று ஓவரக்கா சொன்னாள். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்? தம்பி மனைவி படகுக்காரர்களை நம்பினாள். அன்றிலிருந்து நாத்தனாரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நோட்டைக் காட்டலாமென்றால் அதை விசாரணைக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துச் சிக்னல்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். எதிரி ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காக அவர்கள் தினமும் பகல் பன்னிரண்டுக்குச் சேனலை மாற்றுவார்கள். எந்தச் சேனல் என்கிற பட்டியல் சீருடைக்காரர்களுக்கு மட்டும்தான். ஓவரக்காவோ இருபத்திரண்டு வருடமாக ஒரே சேனலில் பேசியவள். சேனல் மாறும் என்பதே அவளுக்குத் தெரியாது. மாறுவது அவளுக்குத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

"மாத்தறப்ப என் நினைப்பு வரலையா?"

"வரலக்கா. பன்னெண்டு அடிச்சா கை தானா திருகிடும்." அவர் தலையைத் தூக்கவில்லை. "நீங்க கூப்பிடலன்னா இடம் எதுவும் பாக்கி இல்லன்னு நெனச்சோம். பிஸ்கட் தின்னுட்டு உக்காந்திருந்தோம்."

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. இதை என் தம்பி வீட்டில் வந்து சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் போனார்கள். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "கூப்பிட்டது உண்மைம்மா, காது கொடுக்காதது நாங்க" என்றார். தம்பி மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து வந்து நாத்தனாரின் கையைப் பிடித்தாள். ஓவரக்கா கையை உருவிக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். பழி தீர்ந்துவிட்டது. ஆனால் அந்த நோட்டில் பதினேழு வரிக்கும் மேலே, அவளே எழுதிய இன்னொரு வரி இருந்தது. அதுவரை யாரிடமும் சொல்லாத அதை அப்போது சொன்னாள்.

"அவன் பைப் மேல நடந்து வந்துடறேன்னான். நான்தான் இருடான்னேன்."

"அதான் இருந்துட்டார். உங்க பேச்சை அவர் தட்டமாட்டாரே, அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அதில் கோபமில்லை. ஆனால் மறுபடி கையைப் பிடிக்கவும் இல்லை. இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு, பண்டம் பாத்திரம் கொடுக்கல் வாங்கல் உண்டு. அந்த ஒரு கை மட்டும் திரும்பி வரவில்லை.

பிறகு சிக்னல்காரர் அவர் மேலதிகாரிக்கு எழுதினார். ஓவரக்கா நகராட்சிக்கு எழுதினாள். எழுதி, அலைந்து, காத்திருந்து மூன்று வருடம் கழித்து எங்கள் ஊருக்கு மட்டும் ஒரு விதி வந்தது. வெளியாளிடம் ஒரு செட்டைக் கொடுத்தால், அந்தச் சேனலில் ராணுவ ஆள் ஒருவர் கடைசிவரை காது வைத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் அவள் மேசைக்கு வரும் ராணுவ செட் தினமும் பன்னிரண்டு மணிக்குப் பேசும். "அக்கா, நாங்க மாத்தறோம். உங்களுக்கு இதேதான். கேக்குதா?"

"கேக்குது" என்பாள். ஓவர் சொல்வதை அவள் விட்டுவிட்டாள். அதற்காக இரண்டு தடவை மெமோ வாங்கியிருக்கிறாள்.

என் தோழிக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும், ஆனாலும் அன்று சொல்லாத பதிலை இப்போது சொல்லிவிட்டேன்: உன் அத்தை கூப்பிட்டார், அந்தப் பக்கம் யாரும் இல்லை. வேறு ஊர்களில் அந்த விதி இன்னும் வரவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ, ராணுவம், தீயணைப்பு, நகராட்சி எதிலாவது வயர்லெஸ் பிடிக்கிறவர் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள். மழைக்கு முன்னால் சொல்லுங்கள்.