ராடாரை மறைத்த தென்னைகள்

நான் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்தில் ராடார் வந்து இறங்கியது. கிழக்கில் சண்டை ஓய்ந்து, வடக்கில் நடந்துகொண்டிருந்த காலம். இயக்கத்திடம் விமானம் இருக்கிறதென்று ஊரெல்லாம் குசுகுசுப்பு. அது எத்தனையோ மைலுக்கு அப்பால் வரும்போதே காட்டிக்கொடுக்கும் கருவியாம் இது. பெரிய லொறியின் முதுகில், கட்டில் சட்டம்போல ஒரு இரும்புத் தட்டி நாள் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். அது எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் பிள்ளைகள் நாங்கள் வேலிக்குப் பின்னால் குனிந்து ஒளிவோம். எங்களைப் பார்க்க அதற்கு எங்கே நேரம்? கடைசிவரை எங்கள் பக்கம் ஒரு விமானமும் வரவில்லை. போர் முடிந்ததும் ராடார் வந்த வழியே போய்விட்டது.

அந்தத் தோட்டம் அம்மாவின் சீதனம். வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடந்த ஒடுங்கிய மணல் துண்டு. சுனாமி வந்த காலையில் அம்மாவும் நானும் களுவாஞ்சிக்குடியில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். அப்பாவும் தம்பியும் தோட்டத்தில். முதல் அலையில் அப்பா ஒரு கையால் தென்னையையும் மறுகையால் தம்பியையும் பிடித்துக்கொண்டார். அடுத்த அலை போனபோது தென்னை மட்டும்தான் கையில் இருந்தது. தம்பியின் உடல் கிடைக்கவேயில்லை. அப்பா சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் அம்மா கேட்டதுமில்லை. வெள்ளிதோறும் அம்மா அந்த மரத்தடியில் விளக்கு வைப்பாள். அப்பா அந்தப் பக்கமே போகமாட்டார். தேங்காய் பறிக்கவும் ஆளைத்தான் அனுப்புவார்.

ஒருநாள் அதிகாரி ஒருவர், தமிழ் தெரிந்த சிப்பாய் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தார். தென்னைகள் ராடாரை மறைக்கின்றனவாம். வெட்ட வேண்டுமாம்.

"ஐயா, இது கடலுக்குள்ள கிடக்கிறதையும் காட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

சிப்பாய் சிங்களத்தில் சொல்ல, அதிகாரி தலையை அசைத்தார்.

"இல்லையம்மா. மேல பறக்கிறது மட்டும்தான்" என்றான் சிப்பாய்.

"அப்ப அந்த ஒரு மரத்தை மட்டும் விடுங்க. என்ட புள்ள கடைசியா இருந்த இடம் ஐயா, அது."

அந்த மரம்தான் முன்னுக்கு நிற்கிறது, விட ஏலாது என்று பதில் வந்தது. அம்மா அப்பாவிடம் ஓடினாள்.

"இஞ்சேருங்க, நீங்களாவது ஒரு சொல் சொல்லுங்களன்!"

அப்பா வேலிக்கம்பைப் பிடித்தபடி நின்றார். "வெட்டட்டும் புள்ள" என்றார்.

மறுநாள் காலையிலேயே சிப்பாய்கள் கோடரியோடு வந்தார்கள். விழுந்த மரங்களின் குருத்தைப் பிளந்து எங்களுக்குத் தந்தார்கள். பால் வெள்ளை, அப்படியொரு இனிப்பு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். எங்களுக்கு அது திருவிழாதான்.

அந்த மரத்துக்கு வந்தபோது அப்பா போய்ச் சிப்பாயின் கையிலிருந்து கோடரியை வாங்கினார். மூச்சுவிடாமல் வெட்டினார். "போதும் ஐயா" என்று சிப்பாய் அவர் தோளைத் தொட்டும் நிறுத்தவில்லை. மரம் விழுந்தது. ராணுவக்காரனைவிட வேகமாக என் அப்பா வெட்டிவிட்டாரே! வாய் நிறையக் குருத்தோடு நான் கைதட்டினேன். மற்றப் பிள்ளைகளும் தட்டினார்கள்.

அப்பாவின் உள்ளங்கைகள் கிழிந்து ரத்தம் வழிந்தது. அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அவனை எந்தக் கையால பிடிச்சிருந்தீங்க?"

அப்பா இடக்கையை நீட்டினார். சோறு தின்பதும் வலை வீசுவதும் கத்தி பிடிப்பதும் அவருக்கு வலக்கையால்தான். அம்மா அந்த இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாவிப் பக்கமாக நடந்து போனாள்.

அம்மா காயத்தைத்தான் பார்த்தாள் என்று நினைத்து, நான் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய துணி எடுத்து வந்தேன். அப்பா இன்னும் அதே இடத்தில், அதே கையை நீட்டியபடி நின்றார். மருந்து கட்டத்தான் நீட்டுகிறார் என்று எண்ணி, நான் அந்தக் கையை இறுக்கிக் கட்டிவிட்டேன்.