தொட்டி மறைத்த கோபுரம்

எழுபதுகளின் நடுவில் நானும் என் அக்காவும் தைக்காட்டு ஏற்றத்தில் ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம்; பிழைப்புக்காக மலையாள நாட்டுத் தலைநகருக்கு வந்தவர்கள். ஒரு தனியார் கட்டிட அலுவலகத்தில் எனக்குப் பிளான் வரையும் வேலை. அதற்கு முந்திய வருஷம் அக்கா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவள் படியிறங்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து மொட்டைமாடி நாற்காலி வரை நான்கு எட்டு வைப்பாள், அவ்வளவுதான்.

அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் கீழே பள்ளத்தில் தம்பானூர். ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு, சுற்றிலும் லாட்ஜுகள். அப்பால் பழவங்காடி வரைக்கும் ஓட்டுக்கூரைகள், தென்னைகள். எல்லாவற்றுக்கும் பின்னால் கோயில் கோபுரத்தின் மேல்பாதி. காலை ஏழு மணி வெயிலில் ஏழு கலசங்களையும் எண்ணிவிடலாம். கோயிலுக்குப் போக முடியாமல் போன அக்காவுக்கு அந்தக் கோபுர தரிசனம்தான் கோயில். அது முடியாமல் பல்லில் தண்ணீர் படாது.

பள்ளத்தில் புதிய லாட்ஜுக்கு அஸ்திவார வானம் தோண்டத் தொடங்கியபோது அவள்தான் முதலில் பார்த்தாள்.

"எலே, அங்க என்னத்தக் கெட்டப் போறான்?"

"லாட்ஜு. மூணு மாடி. எங்க ஆபீஸ் பிளான்தான்."

"அப்பம் கோபுரம்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்து, அவள் நாற்காலியில் இருக்கும்போது கண் நிற்கும் உயரத்தை அளந்தேன். தெருவின் சரிவையும் கணக்கிட்டு ஒரு தாளில் வரைந்தேன். லாட்ஜின் உச்சி கலசங்களுக்கு நன்றாகக் கீழே நின்றது. "ஒரு கலசம்கூட மறையாது" என்றேன். அக்கா அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள்.

மூன்றாவது மாடிக் கான்கிரீட் போட்டு, கைப்பிடிச் சுவரும் எழும்பியது. கணக்கு அங்குலம் தவறவில்லை. "படிச்ச படிப்பு வீண்போகல்ல" என்றாள் அக்கா. ஒரு மாதம் கழித்து, அந்த மொட்டைமாடியின் மூலையில் செங்கல் அடுக்குவதைப் பார்த்தேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் உயரம் என்றால் கைப்பிடிச் சுவர் வரைதான். தண்ணீர்த் தொட்டியை அதில் சேர்ப்பதில்லை. மொட்டைமாடிப் படத்தில் ஒரு சதுரமாகப் போட்டுவிடுவோம். அந்தச் சதுரத்தைப் போட்டதும் நான்தான்.

வேலை நடக்கும் இடத்துக்குப் போய், தொட்டியை வேறு மூலைக்கு மாற்ற முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் தென்காசிக்காரர்.

"தொட்டியத் தாங்குத தூணு இங்கதான நிக்கி, அண்ணாச்சி. அந்த மூலைல வச்சா ஸ்லாப் தாங்காது. ஒங்க பிளான்தான!" என்று சிரித்தார்.

காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. "சேர்ல இருந்து கும்பிடுவாங்களே, அந்த அக்காவா? அவங்க கைய எடுத்த பெறவுதான் எங்க பொம்பளையாளுவ கலவைச் சட்டியத் தூக்கும்."

அன்று மாலை அக்காவிடம் சொன்னேன். அவள் படத்துக்குப் பின்னாலிருந்து தாளை எடுக்கச் சொல்லி, விரித்துப் பார்த்தாள்.

"இதுல தொட்டி எங்கலே?"

"இல்ல. உயரத்துல அதச் சேக்கது வழக்கமில்ல."

"நல்ல வழக்கம்."

தொட்டி எழும்பிய நாட்களில் அவள் நாற்காலிக்கு வரவில்லை. மூன்று நாள் காலையிலும் பதினோரு மணி வரை வெறும் வயிற்றோடு படுத்திருந்தாள். டைரியில் அதை மட்டும் எழுதினேன்.

நான்காம் நாள் மேஸ்திரி எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மொட்டைமாடியில் நடந்து பார்த்தார். வடக்கு ஓரத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். அங்கிருந்து பார்த்தால் தொட்டி ஒதுங்கி நின்றது, கோபுரம் தெரிந்தது. நாற்காலியிலிருந்து பதினான்கு அடி. நான் அளந்ததெல்லாம் நாற்காலியிலிருந்து மட்டும்தான்.

"யக்கா, இவ்வளவு தூரம் புடிச்சிக்கிட்டு நடப்பியளா?" என்று அறைக்குள் பார்த்துக் கேட்டார்.

"எதப் புடிச்சி? காத்தையா?"

மறுநாள் தொட்டிக்கு வாங்கியதில் மிஞ்சிய இரும்புக் குழாயோடு வந்தார். லாட்ஜ் முதலாளியே "மிச்சம் உள்ளதல்லே, கொண்டு பொய்க்கோ" என்று மலையாளத்தில் சொல்லி, எடுத்துப்போகக் கொடுத்தாராம். முதலாளி என்னைத் தெருவில் கண்டபோது, "இது நேரத்தே பறஞ்ஞூடாயிருன்னோ சாரே?" என்று, முன்னமே சொல்லியிருக்கக் கூடாதா என்ற அர்த்தத்தில் கேட்டார். வீட்டுக்காரரிடம் அனுமதி வாங்கி, நாற்காலியிலிருந்து வடக்கு ஓரம் வரை இடுப்புயரத்துக்குக் குழாயைக் கைப்பிடியாகப் பதித்தோம்.

முதல் நாள் அக்கா ஐந்தடியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் நாள் ஒன்பது. மூன்றாம் நாள் ஓரம் வரை போனாள். நான் இரண்டடி பின்னால் போனேன்.

"அஞ்சு கலசந்தான் தெரியுது. மத்த ரெண்டையும் தென்னை மறைக்குது" என்றேன்.

"எண்ணாத. கும்பிடு."

கும்பிட்டு முடித்தும் அவள் திரும்பவில்லை. குழாயைப் பிடித்தபடி வடக்கே பார்த்தாள். நாற்காலியிலிருந்து அந்தப் பக்கம் தெரிந்ததே இல்லை.

"அந்த வெள்ளக் கெட்டிடம் என்னதுலே?"

"செக்ரட்டேரியட்."

"இந்தப் பக்கம் சாரம் கெட்டிட்டு நிக்கே, அது?"

எனக்குத் தெரியவில்லை.

"கேட்டுட்டு வா. எத்தன மாடின்னு கேளு" என்று திரும்பி நடக்கத் தொடங்கினாள். மூன்றாவது எட்டில் நின்றாள். "தொட்டியயும் சேத்துக் கேளு."