பூங்கொடி அக்காவின் டிசைன்கள் என் வீட்டில்தான் இருக்கின்றன

பூங்கொடி அக்கா காலமாகிவிட்டார். ஹார்ட் அட்டாக்... காலையில் அவர் மகள் போன் செய்தாள். இப்போதுதான் துக்க வீட்டிலிருந்து வந்தேன்.

நல்லூரில் எம்ப்ராய்டரி யூனிட் நடத்தியவர். என் முதல் கஸ்டமர். ரொம்ப நாளைக்கு ஒரே கஸ்டமரும் அவர்தான்.

எக்ஸ்போர்ட் கம்பெனி என்னை வேலையை விட்டு அனுப்பிய பிறகு, வீட்டு ஹாலில் ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு சர்வரை வைத்தேன். யூனிட்காரர்களின் டிசைன் படங்கள் அதில் இருக்கும். ஆர்டர் கொடுக்கும் பையர் எங்கிருந்தாலும் லிங்க்கைத் தட்டிப் பார்க்கலாம்.

முகநூலில் அறிவித்தேன். நண்பர்கள் லைக் போட்டார்கள். வேலை மட்டும் ஒருவரும் தரவில்லை. யார் யார் என்று நினைவிருக்கிறது.

என் பழைய மேனேஜர் அக்காவிடமே போய், "ஊட்டுக்குள்ள சர்வரா? வெளையாட்டுச் சாமானுங்க அது, நம்பாதீங்க" என்றிருக்கிறார்.

"உங்களுக்குப் போன் போட்டா ஒரு நாளாவது எடுத்திருக்கீங்களா சார்? அந்தத் தம்பி எடுக்குதுங்க."

அக்கா கொடுத்த பதில். இன்றும் நினைத்தால் இனிக்கிறது.

அப்புறம் அந்த ஆயுத பூஜை...

நான் வெளியே போயிருந்தேன்; வீட்டில் அம்மா மட்டும். பொரி, சுண்டலோடு வீட்டுக்கு வந்த அக்கா, தன் யூனிட் மெஷின்களுக்குச் செய்த மாதிரியே ரவுட்டருக்கும் சர்வருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போய்விட்டார். பூஜையன்று மெஷின் ஓடக் கூடாதே.

சாயங்காலம் நான் திரும்பி வந்து சந்தனப் பொட்டைப் பார்த்த அதே நேரம் அக்காவே போன் செய்தார். "ஏனுங் தம்பி, பையரு லிங்க்கு தொறக்கலைங்கறாரு. என்னாச்சுங்?"

"நீங்கதானக்கா ஆஃப் பண்ணுனீங்க!"

"அய்யோ... என்ற டிசைனு அதுக்குள்ளயா இருக்குது?"

மேனேஜர் சொன்னதே சரி என்றாகிவிடும். இருக்கிற ஒரு கஸ்டமரும் போய்விடுவார்... "இப்பவே போட்டுடறேன்க்கா."

"தொடாதீங்க! சந்தனம் வெச்சாச்சு. நாளைக்குப் போட்டுக்கலாம். எங்க மெஷினு எல்லாத்துக்கும் இன்னிக்கு லீவுன்னு பையருகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்."

எங்க மெஷினு... என் சர்வரையும் சேர்த்துத்தான் சொன்னார்.

பையர் மறுநாள் பார்த்தார். ஆர்டரும் கொடுத்தார்.

இன்று அந்த மேனேஜரும் மாலையோடு வந்திருந்தார். நான் முகம் கொடுக்கவில்லை.

கிளம்பும்போது மகள் வாசல் வரை வந்தாள். "மாமா, யூனிட்டை இனி நான்தான் பாக்கோணும். அம்மா டிசைனெல்லாம் உங்க ஊட்டுலயே இருக்கட்டுங்களா?"

"இருக்கட்டும் கண்ணு."

சென்று வாருங்கள் அக்கா...